அடைமழைக்கு இரண்டு வாரக் கையிருப்பு: எவ்வளவு வேண்டும், எது கெடும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. நெல் விளையும் ஊர்கள் அவை. வீடுகளில் அரிசிக்குப் பஞ்சமில்லை. ஆனால் மோட்டார் ஓடினால்தான் தொட்டியில் தண்ணீர் ஏறும், தொட்டியில் ஏறினால்தான் குழாயில் வரும். ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத் தண்ணீர் ஏற்ற வேண்டியிருந்தது.

கையிருப்பு என்றதும் நம் மனம் நேரே அரிசி மூட்டைக்குப் போய்விடுகிறது. நடப்பில் முதலில் தீர்வது தண்ணீர். அடுத்து மின்சாரம், பிறகு கேஸ். அரிசி கடைசியில்தான் தீரும். பலர் வீட்டில் மூன்று மாத அரிசியும் ஒன்றரை நாள் குடிநீரும் இருக்கும். அப்படிப்பட்ட வீடு ஒன்றரை நாள்தான் தாங்கும்.

எத்தனை நாளுக்குத் திட்டமிடுவது? சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் ஆகியவற்றைப் பார்த்தால், பெரும்பாலான தெருக்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து நாள் கடினமான காலம். தாழ்வான இடங்களில் அது ஒரு வாரத்தையும் தாண்டியது. மிக்ஜாம் முடிந்து இரண்டு வாரத்தில் தென்மாவட்டங்களின் முறை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, ஸ்ரீவைகுண்டம் தீவாகி, அங்கே நின்ற செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ரயிலிலேயே சிக்கிக்கொண்டார்கள். ஆகவே இரண்டு அடுக்காகக் கணக்கிடுவது நல்லது. முதல் ஐந்து நாள் வெளியிலிருந்து எதுவுமே வராது என்று வைத்துக்கொள்ள வேண்டும்: தண்ணீர், மின்சாரம், பால், கேஸ் எதுவும். பதினான்கு நாள்வரை கடை சரியாக இயங்காது அல்லது விலை கைக்கு எட்டாது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சேர்ப்பது வீட்டில் இடமும் பராமரிக்கப் பொறுமையும் உள்ளவர்களுக்கு.

முதலில் உணவுக் கணக்கு. அதிகம் அலையாத ஆணுக்கு நாளுக்குச் சுமார் 2,100 கலோரி, பெண்ணுக்கு 1,660 என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் தந்த அளவு. இரண்டு பெரியவர், இரண்டு வளர்ந்த பிள்ளைகள் என்றால் நாளுக்கு 7,000 சொச்சம், பதினான்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கலோரி. அரிசி 15 கிலோ, பருப்பு 4 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், அவல் 2 கிலோ, ரவை 2 கிலோ, வெல்லமோ சர்க்கரையோ ஒன்றரைக் கிலோ இருந்தால் இந்தக் கணக்கு நிறைந்துவிடும். கூட ஒரு கிலோ வேர்க்கடலை இருந்தால் பிள்ளைகள் தொந்தரவு குறையும். இத்தனையும் சாதாரண மாதச் சாமானைவிட அதிகமில்லை என்பதைக் கவனியுங்கள். மாதம் பிறந்ததும் வாங்குவதை, பாதி இருக்கும்போதே வாங்கத் தொடங்கினால் போதும். தனிப் பணம் போட வேண்டியதில்லை.

அளவைவிட முக்கியம், எதைச் சேர்க்கிறோம் என்பது. நம் சமையலறை மிக்ஸியையும் கிரைண்டரையும் நம்பியது. கரண்ட் போனதும் இட்லி, தோசை, சட்னி மூன்றும் போச்சு. ஃபிரிட்ஜில் இருக்கும் மாவும் இரண்டாம் நாள் புளித்துப் பொங்கும். ஆகவே அரைக்காமல் செய்யக்கூடியவை கையில் இருக்க வேண்டும். அரைத்து வைத்த சாம்பார் பொடி, பருப்புப் பொடி, புளி, ஊறுகாய், சுண்டைக்காய் வற்றல், மோர்மிளகாய், சாப்பிடுகிற வீடாக இருந்தால் கருவாடு. சித்திரை வெயிலில் வற்றல் போட்டு ஐப்பசியில் எடுத்த வழக்கம் பொழுதுபோக்குக்கு வந்ததில்லை. அவலுக்குத் தனி மதிப்பு உண்டு: தீயே வேண்டாம், தண்ணீரில் பத்து நிமிடம் ஊறினால் வெல்லத்தோடு சாப்பிடலாம். பருப்பில் பாதியாவது பாசிப்பருப்பாக இருக்கட்டும். துவரையைவிட வெகு சீக்கிரம் வேகும், குக்கர்கூட வேண்டாம். கொண்டைக்கடலை, மொச்சை போன்றவை பழசாக ஆக வேகாமல் அடம்பிடிக்கும், கேஸைக் குடிக்கும். கையிருப்புக்கு அவை இரண்டாம்பட்சம்தான்.

அரிசியில் எதை வைப்பது? கைக்குத்தல் அரிசி உடம்புக்கு நல்லது, சேமிப்புக்கு ஆகாது. தவிட்டில் உள்ள எண்ணெய் சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும். புழுங்கல் அரிசி அவித்துக் காய்ந்ததால் கெட்டியானது, வண்டு துளைக்கச் சிரமம், நாள்பட இருக்கும். பச்சரிசி சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம். புழுங்கல் பன்னிரண்டு கிலோ, பச்சரிசி மூன்று கிலோ என்று வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும். இப்போது கடையில் மூட்டை 26 கிலோவாக வருகிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான மூட்டைக்கு ஜிஎஸ்டி போட்டதும் வியாபாரிகள் ஒரு கிலோ கூட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான் விஷயம். அந்தச் சாக்கிலேயே அரிசியை வைத்திருப்பதுதான் தவறு.

வண்டு எங்கிருந்து வருகிறது என்று பலரும் திகைப்பார்கள். பெரும்பாலும் அது அரிசியோடுதான் வருகிறது. பெண் கூன்வண்டு மணியில் துளை போட்டு, உள்ளே ஒரு முட்டை வைத்து, பசை போன்ற ஒன்றால் துளையை அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். ஒரு பெண் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். எனவே சுத்தமான அரிசியாக வாங்கிய மூட்டையில் ஐந்தாவது வாரம் வண்டு ஊர்ந்தால், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பொருளில்லை.

வண்டுக்கு மூன்று எதிரிகள் உண்டு: ஈரமின்மை, காற்றின்மை, குளிர். அரிசியில் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வண்டு பெருகத் திணறும்; 14-ஐத் தாண்டினால் பூஞ்சையும் சேரும். சிக்கல் என்னவென்றால், அடைமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் 85, 90 என்று நிற்கும்போது, திறந்த சாக்கில் உள்ள அரிசி காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் புரட்டாசி வெயில் இருக்கும்போதே அரிசியை அடைத்துவிட வேண்டும், மழை பிடித்த பிறகு அடைத்தால் ஈரத்தையும் சேர்த்து அடைக்கிறோம். காயவைப்பதென்றால் நிழலில் காயவையுங்கள். சுள்ளென்ற வெயிலில் அரிசி வெடித்து நொய்யாகும். காய்ந்ததைச் சூடு ஆறாமல் டின்னில் கொட்டி மூடக்கூடாது. உள்ளே ஆவி வியர்த்து, மூடிக்குக் கீழே இருக்கும் அரிசிதான் முதலில் கட்டிபட்டு நாறும்.

காற்றின்மைக்கு ஆகச் சுலபமான வழி, நன்கு காய்ந்த இரண்டு லிட்டர் பெட் பாட்டில். ஒன்றில் சுமார் 1.6 கிலோ அரிசி பிடிக்கும். தட்டித் தட்டிக் கழுத்துவரை நிரப்பி இறுக மூட வேண்டும். உள்ளே இருக்கிற வண்டும் புழுவும் மூச்சுவிட்டு அந்தக் கொஞ்சக் காற்றில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்து, அவையே செத்துப்போகும். பாதி நிரப்பிய பாட்டிலில் இது நடக்காது. மேலே காலியாக இருக்கும் இடத்தில் அவற்றுக்குப் போதுமான காற்று உண்டு. வாரத்துக்கு ஒருமுறை திறக்கும் பெரிய டின்னிலும் நடக்காது. பத்து பாட்டில் வைத்துக்கொண்டு ஒன்றைத் தீர்த்துவிட்டு அடுத்ததைத் திறப்பதில் இன்னொரு லாபம்: ஒன்று கெட்டாலும் ஒன்றோடு போகும்.

அன்றாடம் எடுக்கிற டின்னுக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பொறி நல்லது. இரண்டு மில்லிமீட்டர் துளைகள் போட்ட ஒரு குழாய், அடியில் கூம்பும் சேகரிக்கும் பகுதியும். அரிசிக்குள் செருகி வைத்தால், காற்றோட்டமான இடத்தைத் தேடும் வண்டுகள் துளை வழியே உள்ளே வந்து விழும், ஏற முடியாது. வாரம் ஒருமுறை எடுத்துக் கொட்ட வேண்டும். தொகை கூடிக்கொண்டே போனால் அந்த டின்னைச் சலித்து முதலில் சமைத்துவிடலாம்.

வேப்பிலையும் வரமிளகாயும் ஓரளவு விரட்டும். ஏற்கெனவே மணிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. வேப்பிலை பச்சையாகப் போட்டால் ஈரத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம், நிழலில் சருகாகக் காய்ந்ததுதான் போட வேண்டும். வசம்புத் தூள் விதைக்கு. சாப்பிடும் தானியத்தில் கலக்க வேண்டாம். போரிக் பவுடரை அரிசியில் பிசறும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அதை விட்டுவிடுவதுதான் நல்லது. கழுவினால் முழுக்கப் போய்விடும் என்று நம்ப முடியாது. கிடங்குகளில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அது காற்றின் ஈரம் பட்டதும் விடும் பாஸ்பீன் வாயு, மூடிய அறையில் தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும்.

பயறு வகையில் பிரச்சினை வேறு. பயறு வண்டு முட்டையை மேல்தோலிலேயே ஒட்டும். உளுந்திலும் பச்சைப்பயறிலும் வெள்ளைப் புள்ளியாகத் தெரிவது அதுதான். முழுப்பயறுதான் அதற்குப் பிடிக்கும், உடைத்த பருப்பில் வசதிப்படாது. முழுத் துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்ததில் ருசி மட்டுமல்ல, இந்தக் கணக்கும் இருக்கிறது. முழுப்பயறு வைத்தே ஆக வேண்டுமென்றால் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் தடவிப் பிசறி வையுங்கள். முட்டை ஒட்டாது, ஒட்டினாலும் பொரியாது. சமைக்கும்முன் வெந்நீரில் அலச வேண்டும். ரவையை வாங்கிய அன்றே வாசம் வர வறுத்து, ஆறவிட்டு அடைத்தால் இரண்டு மாதம் தாங்கும். ஃபிரீசரில் இடம் இருந்தால் அவலையும் மாவையும் நான்கு நாள் வைத்தெடுத்தால் முட்டைகள் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்துவிடும். வேர்க்கடலையும் வரமிளகாயும் பச்சைப் பூஞ்சை பிடித்தால் தயங்காமல் எறியுங்கள். அந்த நஞ்சு வறுத்தாலும் வெந்தாலும் போகாது.

இனி தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு நான்கு லிட்டர், நால்வருக்கு ஐந்து நாளுக்கு 80 லிட்டர்: சரியாக நான்கு 20 லிட்டர் கேன். கேன் போடுகிறவரின் வண்டியும் அதே வெள்ளத்தில்தான் நிற்கும் என்பதால், காலி கேனை மாற்றிக்கொண்டே இருக்கும் வழக்கத்தை ஐப்பசியிலிருந்து தை வரை கொஞ்சம் மாற்றி, எப்போதும் நான்கு நிறைகேன் உள்ளே இருக்கும்படி வையுங்கள். ஆர்.ஓ. எந்திரத்துக்குக் கரண்ட் வேண்டும். மெழுகுவத்தி வடிவ வடிகட்டி பொருத்திய பழைய எவர்சில்வர் ஃபில்டருக்கு எதுவும் வேண்டாம், அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அது வண்டலைத்தான் முக்கியமாகப் பிடிக்கும். வடித்ததைக் காய்ச்சியோ குளோரின் போட்டோதான் குடிக்க வேண்டும்.

நகரத்து வீடுகளில் பெரிய ஆபத்து சம்ப். கார் நிறுத்தும் தரையோடு தரையாக மூடி வைத்த சம்ப்புக்குள் தெருத் தண்ணீர் சாக்கடையோடு சேர்ந்து இறங்கும். அது தெரியாமல், கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியையும் கெடுத்துக்கொள்வார்கள். அதுவரை மேலே இருந்த ஆயிரம் லிட்டர்தான் அந்த வீட்டின் ஒரே நல்ல தண்ணீர். எச்சரிக்கை வந்ததும் மேல்தொட்டியை நிரப்பி, மோட்டார் சுவிட்சை அணைத்து, அதன்மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிடுங்கள். வெள்ளம் வடிந்தபின் சம்ப்பை முழுக்க இறைத்து, சேறு வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவாமல் மோட்டாரைத் தொடக்கூடாது.

தெளிந்த தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம் போதும், மட்டமாக அரை டீஸ்பூன். அப்படியே தொட்டியில் தூவக்கூடாது. ஒரு பிளாஸ்டிக் குவளையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் நீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றிக் கலக்க வேண்டும். அடியில் தங்குவது சுண்ணாம்பு. ஒரு மணி நேரம் கழித்து மோந்தால் லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வராவிட்டால் இன்னொரு அரை டீஸ்பூன். பிரித்து வைத்த பவுடர் காற்றிலேயே வீரியம் இழக்கும், போன வருஷத்துப் பொட்டலத்தை நம்ப வேண்டாம்.

எல்லாவற்றையும் காய்ச்சிக் குடித்தால் என்ன என்று கேட்கலாம். கேஸ் கணக்கைப் பாருங்கள். 14.2 கிலோ சிலிண்டர் 45 நாள் வந்தால், நாளுக்குச் சுமார் 315 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க, அடுப்பில் வீணாகும் சூட்டையும் சேர்த்து, ஏறக்குறைய 11 கிராம் கேஸ் ஆகும். நாளுக்கு 10 லிட்டர் என்றால் 110 கிராம்; செலவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு மொத்தம் ஆறு கிலோ. ஆகவே மழைக்காலத்தில் அடுப்பில் பூட்டியிருக்கும் சிலிண்டர் பாதிக்குக் கீழே போனால் அடுத்ததைப் பதிவு செய்யலாம். எவ்வளவு மிச்சம் என்பதற்கு ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை துடைத்துப் பாருங்கள். திரவம் இருக்கும் மட்டம்வரை ஈரம் மெதுவாகக் காயும். காய்ச்சுவதென்றால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், பத்து நிமிடம் விட வேண்டியதில்லை. சோற்றை வடிக்காதீர்கள், அதில் தண்ணீரும் கேஸும் இரட்டிப்பாகும். அரிசியை அரை மணி ஊறவைத்துக் குக்கரில் வையுங்கள்.

வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் சிலிண்டர் மிதக்கும். காலியானது மட்டுமல்ல, நிறை சிலிண்டரும்தான். உள்ளே 33 லிட்டர் கொள்ளளவு. இரும்பின் கனத்தையும் சேர்த்தால் அது விலக்கும் நீர் சுமார் 35 கிலோ. நிறை சிலிண்டரின் எடையோ சுமார் 30 கிலோதான். மிதந்து கவிழ்ந்து ட்யூபை இழுத்தால் கசிவு. தண்ணீர் வாசற்படியைத் தொட்டதுமே ரெகுலேட்டரை அணைத்துக் கழற்றி, மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியோடு நிமிர்த்திக் கட்டிவிட வேண்டும்.

மின்சாரத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வதே முதல் வேலை. 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரி காகிதத்தில் 1,800 வாட்-மணி. கையில் வருவது 1,200 அளவு. பழைய ஃபேன் இரண்டும் எல்.இ.டி. விளக்கு மூன்றும் ஓடினால் ஏழு மணி நேரம்கூட வராது. மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேனாக இருந்தால் பதின்மூன்று மணி. ஐந்து நாள் இருட்டில் அது ஓர் இரவு மட்டும்தான். விளக்கும் செல்போனும் மட்டும் என்று கட்டுப்படுத்தினால் அதே பேட்டரி நான்கைந்து நாள் இழுக்கும். பேட்டரி தரையில் இருந்தால் முதல் அரை அடித் தண்ணீரிலேயே முடிந்தது கதை, மேடை மேல் தூக்கி வையுங்கள். பத்தாயிரம் எம்.ஏ.எச். பவர்பேங்க், போனை இரண்டு முறை நிரப்பும் என்று நினைத்தால் ஒன்றேகால் முறைதான் நிரப்பும். அறைக்குள் ஜெனரேட்டரோ கரி அடுப்போ வேண்டவே வேண்டாம்.

சில்லறை விஷயங்களில் மருந்து முதலிடம்: தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை எப்போதும் ஒரு மாதம் முன்னே இருக்கட்டும். பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் 30 டிகிரிக்குள் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். ஈர மணல் போட்ட மண்பானைக்குள், தண்ணீர் படாத டப்பாவில் வைத்தால் போதும். ஓ.ஆர்.எஸ். தீர்ந்தால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டருக்கு மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கைக்குழந்தை இருந்தால் பால் பவுடர் இரண்டு பாக்கெட் கூடுதலாக இருக்கட்டும். வர்தா வந்தது பணமதிப்பிழப்புக்கு அடுத்த மாதம். கையில் நோட்டும் இல்லை, கார்டு எந்திரத்துக்குக் கரண்டும் இல்லை. இன்று நோட்டுக்குப் பதில் யு.பி.ஐ., டவர் படுத்தால் அதே நிலைமை. பத்து, இருபது, நூறாக இரண்டாயிரம் ரூபாய் அலமாரியில் இருக்க வேண்டும்.

சேர்த்ததைத் தனி அலமாரியில் பூட்டி வைத்தால் அது நிச்சயம் கெடும். புதிது பின்னால், பழையது முன்னால் என்று ஒரே வரிசையில் வைத்து, ஒவ்வொரு டப்பாவிலும் அடைத்த மாதத்தை எழுதி, அன்றாடச் சமையலுக்கு அதிலிருந்தே எடுங்கள். எண்ணெயில் நல்லெண்ணெய் நாள்பட நிற்கும். செக்குக் கடலெண்ணெய் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை வரும், அதை முதலில் தீர்க்க வேண்டும். தை பிறந்ததும் மழைக்கென்று வைத்த அவலும் ரவையும் காலை உணவுக்குப் போகலாம். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். கொட்டை எடுத்து, உப்புப் போட்டு ஜாடியில் அமுக்கும்போது, பழைய புளி அடியில் மிச்சமிருந்தால் அதை வெளியே எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும்.